செடி டாக்டரின் கத்தரி

எடையளவு ஆய்வாளர் ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் குளித்து, சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் மாட்டிக்கொண்டு, போவதற்கு இடமில்லாமல் ஹாலில் நின்றார். முப்பத்திரண்டு ஆண்டுகள் கடை கடையாக ஏறி இறங்கியவர். தராசைத் தட்டிப் பார்த்து, படிக்கல்லைத் திருப்பி அடியில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தவர். அப்படிப்பட்டவரை வீட்டில் சும்மா உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பது அவர் மனைவிக்கு முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது. அரிசி டப்பாவுக்குள் இருந்த ஆழாக்கை எடுத்து அளந்து பார்த்து, "இது எட்டு மில்லி கம்மியா காட்டுது" என்றார்.

"முப்பது வருஷமா இதுலதான் அளந்து போடறேன். யாரும் பட்டினி கிடந்து சாகலை" என்றார் மனைவி.

இந்தச் சமயத்தில் மனைவியின் தங்கை ஓர் ஆந்தூரியம் தொட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். வார்னிஷ் அடித்தாற்போல் பளபளக்கும் பச்சை இலை, நடுவில் பிளாஸ்டிக்கோ என்று சந்தேகப்பட வைக்கும் சிவப்புப் பூ. ஆய்வாளர் அதைச் சுற்றி மூன்று முறை நடந்தார். குறை கண்டுபிடிக்க ஒரு பொருள் கிடைத்துவிட்டது. எதிர்த்துப் பேசாத பொருள். மனைவி நிம்மதியாக மூச்சு விட்டார். அவசரப்பட்டுவிட்டார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஒன்றரை வருடத்தில் நாற்பத்தொரு தொட்டிகள் சேர்ந்தன. மணி பிளான்ட், சிங்கோனியம், அக்லோனிமா, டீஃபன்பேக்கியா என்று வாயில் நுழையாத பெயர்களெல்லாம் அவர் வாயில் மட்டும் சரளமாக நுழைந்தன. அலுவலகக் காலத்துப் பூதக்கண்ணாடி, தண்ணீர் தெளிக்கும் பாட்டில், சிவப்புக் கைப்பிடி போட்ட ஒரு கத்தரி ஆகியவை அவருடைய ஆயுதங்கள். படிப்பு? கைப்பேசியில் வரும் காணொளிகள். ஒருவர் மஞ்சள்தூள் போடச் சொன்னால் மஞ்சள்தூள். மறுநாள் இன்னொருவர் ஆறிய டீயை ஊற்றச் சொன்னால் டீ. அந்த வீட்டில் மனிதர்களைவிடச் செடிகள் அதிகம் டீ குடித்தன.

அடுக்குமாடியில் மொத்தம் பதினாறு வீடுகள். அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது மூன்றாம் மாடி டீச்சர். டீச்சரின் மணி பிளான்ட் மஞ்சளாகித் தொங்கியபோது, இவர் போய்த் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்த்தார். வெள்ளையாக, கெட்டியாக இருக்க வேண்டிய வேர் கறுத்துக் கொழகொழவென்று விரலோடு வந்தது. முகர்ந்தால் சாக்கடை.

"தினம் தண்ணி ஊத்தறீங்களா?"

"காலையிலயும் சாயங்காலமும், சார். பாவம், தாகமா இருக்குமேன்னு."

"முங்கிச் செத்துக்கிட்டு இருக்கு டீச்சர். அழுகின வேரை வெட்டிட்டுப் புது மண்ணுல வைங்க. விரலை விட்டுப் பாத்து மண்ணு காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க."

செடி பிழைத்துக்கொண்டது. இதில் ஆய்வாளர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் சரி. அதுதான் வினை. ஒரு தடவை சரியாகச் சொன்னவர் அதற்குப் பிறகு சொல்வதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. ஊரைவிட வேகமாக அவரே முடிவு கட்டிவிடுகிறார். அன்று முதல் அவர் 'டாக்டர் சார்'. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை, கத்தரியும் பாட்டிலுமாக வீடு வீடாக நோயாளி பார்க்கக் கிளம்பினார். ஒரு வீட்டில் வாடின இலையை நறுக்குவார், சட்டை நுனியில் கத்தரியைத் துடைப்பார், அடுத்த வீட்டு மணியை அடிப்பார். போகிற இடமெல்லாம் இலைகளுக்கு நன்றாகத் தண்ணீர் தெளித்துக் குளிப்பாட்டுவார். இலவச வைத்தியம். கூடவே ஒரு மணி நேரம் பேச்சு; அதுவும் இலவசம்தான், ஆனால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கும் தரப்படவில்லை.

செடி வைத்திருந்த வீடுகளில் ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் டாக்டர் போவதில்லை. எதிர் வீட்டு வக்கீல். ஐந்து வருடத்துக்கு முன்னால் வக்கீலின் செருப்பு ஸ்டாண்டு பொது நடைபாதையில் பதினான்கு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருப்பதை ஆய்வாளர் டேப் வைத்து அளந்து காட்டினார். வக்கீல் அதற்குப் பதிவுத் தபாலில் பதில் அனுப்பினார். இரண்டு கதவுக்கும் நடுவில் ஆறடி தூரம். தபால் வந்து சேர நான்கு நாள் ஆயிற்று. அன்றிலிருந்து பேச்சில்லை.

அந்த வருடம் மழை ஓய்ந்த கையோடு செடிகள் நோயில் விழ ஆரம்பித்தன. முதலில் டாக்டர் வீட்டு ஆந்தூரியத்தின் ஓரத்தில் எண்ணெய் சிந்தினாற்போல் ஈரமான ஒரு புள்ளி. பிறகு அது பழுப்பாகி, அதைச் சுற்றி மஞ்சள் வளையம். பிறகு அடி இலைகள் மஞ்சளாகி, தொட்டால் காம்போடு கழன்று கையில் வந்தன. டாக்டர் மஞ்சள்தூள் போட்டார். பட்டைத்தூள் போட்டார். நோயுற்ற இலைகளை விடாமல் நறுக்கினார். நோய் அசரவில்லை. இரண்டாம் மாடியில் தெரிந்தது, மூன்றாம் மாடிக்கு ஏறியது, கீழ்த்தளத்துக்கும் இறங்கியது. லிஃப்ட் பழுதாகிக் கிடந்த அந்தக் கட்டடத்தில் தடையில்லாமல் மாடி ஏறி இறங்கியது அந்த நோய் ஒன்றுதான்.

கூட்டமாகத் துன்பம் வந்தால் கூட்டத்துக்கு ஒரு குற்றவாளி தேவை. தேடுவதற்குச் சிரமமே படவில்லை. கட்டடத்தின் படிகளைத் துடைக்கிற பெண்ணை எல்லோரும் படிக்கட்டு அக்கா என்று கூப்பிடுவார்கள். அவர் வாளியில் பினாயில் இருக்கிறது. வாசலோரம் தொட்டிகள் இருக்கின்றன. போதாதா?

"அந்தம்மா மாப்பைப் பிழியற தண்ணி தொட்டியில தெறிக்குது. நான் என் கண்ணால பாத்தேன்" என்றார் டாக்டர். பார்த்தது தெறித்ததை இல்லை, வாளியைத்தான். முப்பத்திரண்டு வருட ஆய்வாளர் இந்த ஒரு தடவை மட்டும் முத்திரையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

சங்கச் செயலாளர் அடுத்த மாதக் கூட்டத்துக்கான பொருள் பட்டியலை லிஃப்ட் கதவில் ஒட்டினார். ஒன்று, லிஃப்ட். இரண்டு, புறாத் தொல்லை. மூன்று, படிக்கட்டுப் பணியாளரை மாற்றுவது. பதினொரு வருடம் வேலை செய்தவருக்குப் புறாவுக்கு அடுத்த இடம் கிடைத்தது.

டாக்டரின் மருமகள் ஒரு பெரிய மருத்துவமனையில் தொற்றுத் தடுப்பு நர்ஸ். ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்குக் காய்ச்சல் எப்படி நடந்து போகிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. பெரும்பாலும் அது யாரோ ஒருவருடைய கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்து போகும். அந்த ஒருவர் பெரும்பாலும், 'நான் எப்பவும் கை கழுவிடுவேனே' என்று கோபித்துக்கொள்கிறவராக இருப்பார். இதில் அவளுக்கு ஏழு வருட அனுபவம்.

வேலைக்குப் போகும்போது லிஃப்ட் கதவில் இருந்த தாளைப் படித்தாள். படி இறங்கும்போது, படிக்கட்டு அக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கைப்பிடியைத் துடைப்பதைப் பார்த்தாள்.

"அக்கா, நிஜமாவே தெறிச்சுதா?"

"தெறிச்சா வாசல்ல இருக்கற தொட்டிதானே சாகணும் நர்ஸம்மா? டீச்சர் வீட்டுச் செடி ஹாலுக்கு உள்ள இருக்கு. அங்க நான் எதுக்குப் போகப் போறேன்?"

மருமகள் அன்று முழுவதும் இதையே யோசித்தாள். நோயுற்ற இலை ஒன்றைக் கவரில் போட்டு எடுத்துப் போயிருந்தாள். மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கும் தோழி மதிய இடைவேளையில் அதன் ஓரத்தை மெல்லியதாகச் சீவி, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள்.

"அடியே, இங்க வந்து பாரு. வெட்டின ஓரத்துலேர்ந்து புகை மாதிரி கொட்டுது. பாக்டீரியா. எத்தனை லட்சம்னு எண்ண முடியாது. இது எங்கேர்ந்து பிடிச்சே?"

"எங்க வீட்டு ஹால்லேர்ந்து" என்றாள் மருமகள்.

பினாயில் பாக்டீரியாவைக் கொல்லும், பெற்றுப் போடாது. படிக்கட்டு அக்கா மீது இருந்த வழக்கு அந்த ஒரு சொட்டுத் தண்ணீரில் முடிந்துவிட்டது. ஆனால் அடுத்த கேள்வி அங்கேயே தொடங்கியது. அப்படியென்றால் யார்?

அவள் வார்டில் செய்வதை வீட்டிலும் செய்தாள். ஒரு தாளில் பதினாறு கட்டம் போட்டு, ஒவ்வொரு வீடாகப் போய்ச் செடிகளைப் பார்த்தாள். நான்கு வீடுகளில் செடியே இல்லை. பதினொரு வீடுகளில் நோய். அந்தப் பதினொன்றிலும் ரப்பர் செடிக்கும் பாம்புக் கற்றாழைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆந்தூரியம், அக்லோனிமா, சிங்கோனியம் வகையறா மட்டும் படுத்துவிட்டன. புத்தகத்தைப் புரட்டினாள். படுத்ததெல்லாம் ஒரே குடும்பம், சேப்பங்கிழங்கின் ஒன்றுவிட்ட சொந்தங்கள். பந்தியில் ஒருவருக்கு வந்தது மற்றவருக்கும் வந்திருக்கிறது.

மீதி ஒரே ஒரு வீடு. வக்கீல் வீடு.

கதவைச் சங்கிலி போட்ட இடைவெளியில் திறந்தார் வக்கீல். "உங்க மாமனார் அனுப்பினாரா? எதுவா இருந்தாலும் எழுத்துல தரச் சொல்லுங்க."

"அவர் அனுப்பலை சார். உங்க செடிங்களைப் பாக்கலாமான்னு கேக்க வந்தேன்."

உள்ளே ஜன்னலோரம் அதே குடும்பத்துச் செடிகள் ஒன்பது இருந்தன. விரலால் பெயர் எழுதும் அளவுக்கு இலைமேல் தூசி. தூசிக்கு அடியில் ஒரு புள்ளி இல்லை, ஒரு மஞ்சள் இல்லை. முரட்டுப் பச்சை.

"இதுக்கு என்ன சார் பண்றீங்க?"

"ஒண்ணுமே பண்றதில்லைம்மா. ஞாபகம் வந்தா தண்ணி. அதுங்களும் என் கட்சிக்காரங்க மாதிரிதான், பெருசா எதையும் எதிர்பாக்கறதில்லை."

"வேற யாராவது வந்து வெட்டறது, தண்ணி தெளிக்கறது..."

"இங்க யார் வர்றாங்க?" என்றார் வக்கீல். அதில் வருத்தம் இருந்ததா, பெருமை இருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

தாளில் பதினாறாவது கட்டத்தை நிரப்பிவிட்டு அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் அன்போடு போன வீட்டிலெல்லாம் சாவு. டாக்டர் சண்டை போட்ட வீடு மட்டும் பிழைத்திருக்கிறது.

கணவனிடம் முதலில் சொன்னாள். அந்த வீட்டில் அவன் நடுநிலை நாடு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை வந்தால் காதில் ஹெட்போன் ஏறிவிடும்.

"அப்பாகிட்ட நீயே சொல்லிடேன். உனக்குத்தான் இந்த வேலையில அனுபவம் ஜாஸ்தி" என்றான். அவன் கை ஹெட்போனைத் தேடிக்கொண்டிருந்தது.

ஞாயிறு மதியம் சாப்பிட்டு முடித்தபின் மருமகள் தாளை மேசைமேல் விரித்தாள். மாமியார் கை கழுவப் போனவர் திரும்பிவந்து உட்கார்ந்துகொண்டார்.

"மாமா, நான் ஒண்ணு சொல்லுவேன். கோவப்படக் கூடாது."

"கோவப்படற மாதிரி இருந்தா படுவேன். சொல்லும்மா."

அவள் சொன்னாள். புள்ளி, வளையம், மைக்ராஸ்கோப், பதினொரு வீடு, வக்கீல் வீட்டுத் தூசி. நோயுள்ள இலையை வெட்டின கத்தரியில் சாறு ஒட்டும். அதைக் கழுவாமல் நல்ல இலையை வெட்டினால் ஊசி போட்ட மாதிரி. அதற்கு மேல் தண்ணீரும் தெளித்து இலையை ஈரமாக வைத்தால் கிருமிக்கு விருந்து.

டாக்டர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்துகொண்டே போயிற்று.

"அப்ப நான்தான் கொலைகாரன்கிறே."

"உங்களைச் சொல்லலை மாமா. கத்தரியைச் சொல்றேன்."

"கத்தரிக்குக் கால் இருக்கா? அது தானா நடந்து போச்சா?" அவர் எழுந்தார். "இங்க பாரும்மா. தராசு தப்புன்னு சொன்னா நான் சும்மா சொன்னதில்லை. அரசாங்க முத்திரை போட்ட எடையை வச்சு, கடைக்காரன் கண்ணு முன்னாடி நிரூபிச்சுட்டுத்தான் சொல்லுவேன். உன்கிட்ட என்ன இருக்கு? ஒரு கட்டம் போட்ட காகிதம்."

"நிரூபிக்கலாம் மாமா. வக்கீல் சார்கிட்டேர்ந்து ரெண்டு சின்னக் கன்னு வாங்கிட்டு வந்திருக்கேன்."

வக்கீல் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கண் இன்னும் கொஞ்சம் விரிந்தது. ஆனால் சோதனை என்ற ஆசை பெரியது. ஓய்வு பெற்றதிலிருந்து அவர் முறையாக ஒன்றையும் சோதிக்கவில்லை, ஆழாக்கைத் தவிர.

அதற்குப் பிறகு நடந்ததை மருமகள் நடத்தினாள் என்று சொன்னால் பொய். டாக்டர் அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். தொட்டிகளில் 'அ', 'ஆ' என்று சீட்டு ஒட்டினார். முதலில் கத்தரியை மருத்துவமனை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, துடைத்து, 'அ'வில் ஓர் இலை நுனியை வெட்டினார். பிறகு தன் ஆந்தூரியத்தில் நோயுற்ற இலை ஒன்றை வழக்கம்போல் நறுக்கி, வழக்கம்போல் சட்டை நுனியில் துடைத்து, 'ஆ'வில் வெட்டினார். ஒன்றைப் படுக்கையறை ஜன்னலிலும் மற்றதைச் சமையலறைக்குப் பின்னால் துவைக்கிற இடத்திலும் வைத்தார். இரண்டுக்கும் ஒரே அளவுத் தண்ணீர். அளந்தது அந்த எட்டு மில்லி குறைந்த ஆழாக்கில்தான். அதற்கும் ஒரு திருத்தக் கணக்குப் போட்டுச் சுவரில் எழுதிவைத்தார்.

எட்டாவது நாள் இரண்டு செடியும் சிரித்துக்கொண்டு நின்றன.

"என்னம்மா? உன் பாக்டீரியா லீவுல போயிடுச்சா?" என்றார். அன்று முழுக்க விசில் அடித்தார். மாமியார் மருமகளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய், "நீ சொன்னது தப்பா இருந்தா இந்த மனுஷனோட இன்னும் இருபது வருஷம் என்னால முடியாது. தப்பா இருக்காதே?" என்று கேட்டார்.

"இன்னும் நாள் இருக்கு அத்தை" என்றாள் அவள். உறுதியாகச் சொல்ல அவளுக்கும் தைரியமில்லை.

பதினேழாவது நாள் காலை டாக்டர் துவைக்கிற இடத்துக்குப் போனார். 'ஆ' செடியின் வெட்டுப்பட்ட இலையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெட்டின ஓரத்தில், கண்ணாடியில் எண்ணெய்க் கை வைத்தாற்போல், ஊடே வெளிச்சம் தெரிகிற ஓர் ஈரப் புள்ளி. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். படுக்கையறைக்குப் போய் 'அ'வைப் பார்த்தார். சுத்தம். திரும்பி வந்து குப்புறப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தார். மனைவி துணி எடுக்க வந்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, துணியை எடுக்காமலே போய்விட்டார்.

அரை மணி நேரம் கழித்து ஹாலுக்கு வந்து, "டீயில சர்க்கரை இல்லை" என்றார். சர்க்கரை இருந்தது. மனைவி இன்னொரு கரண்டி போட்டுக் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் நோயாளி பார்க்கப் போகவில்லை. அதற்கடுத்த நாள் கூட்டம்.

கூட்டம் வண்டி நிறுத்துமிடத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் நடந்தது. லிஃப்ட் பற்றி நாற்பது நிமிடம் பேசி, அடுத்த மாதம் பேசுவது என்று முடிவாயிற்று. புறா பற்றி இருபது நிமிடம். புறாக்கள் மேலிருந்தே தங்கள் கருத்தை இரண்டு பேர் தோளில் தெரிவித்தன. படிக்கட்டு அக்கா டீக் கோப்பைகளோடு ஓரமாக நின்றிருந்தார். தன்னை வேலையைவிட்டு எடுப்பதைப் பற்றிப் பேசப் போகிறவர்களுக்கு அவர்தான் டீ கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு வேறு ஆள் இல்லை.

"மூணாவது பொருள்" என்று செயலாளர் தொண்டையைச் செருமினார். "இதுல டாக்டர் சார் நேரடி சாட்சி. சார், சொல்லுங்க."

டாக்டர் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார்.

"மேற்படி நோய் குறித்து முறையான ஆய்வு மேற்கொள்ளப்பட்டது" என்று படித்தார். "ஆய்வில், பினாயில் காரணமல்ல என்பது தெரிய வந்தது. சுத்தம் செய்யப்படாத கத்தரி ஒன்றின் மூலமாக நோய் பரப்பப்பட்டிருப்பது கண்டறியப்பட்டது."

சலசலப்பு. மூன்றாம் மாடி டீச்சர் கையைத் தூக்கினார். "யாரோட கத்தரி சார்?"

"சம்பந்தப்பட்ட நபருடையது."

"அது யாருன்னுதானே கேக்கறேன்?"

"அது... ஆய்வின் போக்கில், அந்த நபர் நல்லெண்ணத்தின் அடிப்படையில் செயல்பட்டதாகவும்..."

அரசாங்கத் தமிழில் எத்தனையோ கதவுகள் உண்டு. எல்லாவற்றிலும் ஆள் தெரியாமல் வெளியேறிவிடலாம். அவர் ஒவ்வொரு கதவாகத் தேடிக்கொண்டிருந்தார். மருமகள் தரையைப் பார்த்தாள். மகன் காதில், ஆச்சரியமாக, ஹெட்போன் இல்லை.

பின் வரிசையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "என்னங்க, ரெண்டே எழுத்துதான். சொல்லிட்டு உக்காருங்க."

டாக்டர் தாளை மடித்தார். பையில் வைத்தார்.

"நான்" என்றார். "என் கத்தரிதான். நான்தான் வீடு வீடாக் கொண்டு போனேன். அந்தம்மா மேல பழி போட்டதும் நான்தான். தெறிச்சதை நான் பாக்கவே இல்லை."

பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். நேற்றுவரை 'டாக்டர் சார், ஒரு நிமிஷம் வந்து பாருங்களேன்' என்று கெஞ்சியவர்களுக்கு, அவர் மேல் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இருந்தது இப்போது ஞாபகம் வந்தது. கீழ்த்தளத்துக்காரர், காணொளி பார்த்து வைத்தியம் செய்பவர்களைப் பற்றி ஒரு காணொளி பார்த்ததாகச் சொன்னார். வக்கீல் மட்டும் எழுந்து, "அவர் சொன்னதை அப்படியே நடவடிக்கைக் குறிப்புல எழுதுங்க. ஒப்புக்கொண்டார்னு எழுதாதீங்க. தானா முன்வந்து சொன்னார்னு எழுதுங்க. சட்டத்துல ரெண்டும் வேற" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

டாக்டர் நேராகப் படிக்கட்டு அக்காவிடம் போனார். "என்னை மன்னிச்சிடும்மா."

அக்கா தட்டைக் கீழே வைத்தார். "எனக்கு அப்பவே தெரியும் சார். நான் படி துடைக்கும்போது நீங்க ஒரு வீட்டுல வெட்டிட்டு, சட்டையில துடைச்சுக்கிட்டு, அடுத்த வீட்டுக்குள்ள போவீங்க. நான் ஒரு மாடித் தண்ணியை அடுத்த மாடிக்குக் கொண்டு போகமாட்டேன். அழுக்கு கூடவே வரும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"யாரு கேட்டா?"

பணியாளரை மாற்றும் பொருள் கைவிடப்பட்டது. அவருக்கு வருத்தம் தெரிவித்து ஒரு தீர்மானமும் போட்டார்கள். அதை வாசித்தபோது அவர் உள்ளே கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

இந்த நோய்க்கு மருந்து கிடையாது என்று மருமகள் எல்லோரிடமும் சொன்னாள். உள்ளே ஏறிவிட்டால் செடியைக் காப்பாற்ற முடியாது. மண்ணோடு மூட்டை கட்டித் தூக்கிப் போட வேண்டும். தொட்டியைப் பிளீச்சிங் கரைசலில் ஊற வைக்க வேண்டும். பிழைத்திருக்கிற செடிகளை ஒட்டி ஒட்டி வைக்காமல் காற்றுப் போக இடம்விட்டு வைக்க வேண்டும். தண்ணீரை மண்ணுக்குத்தான் ஊற்ற வேண்டும், இலைக்கு இல்லை. வெட்டுவதாக இருந்தால் ஒவ்வொரு செடிக்கும் முன்னால் கத்தரியை ஸ்பிரிட்டில் நனைக்க வேண்டும்.

"மூட்டையெல்லாம் யாரு கீழே கொண்டு போறது? லிஃப்ட் வேற இல்லை" என்றார் செயலாளர், பழக்க தோஷத்தில் படிக்கட்டு அக்காவைப் பார்த்து.

"நான் கொண்டு போறேன்" என்றார் டாக்டர்.

இரண்டு நாள் ஆயிற்று. பதினொரு வீட்டுச் செடிகளையும் கறுப்பு மூட்டைகளில் கட்டி, நான்கு மாடி ஏறி இறங்கினார். இரண்டாம் நாள் மகனும் வந்து ஒரு முனையைப் பிடித்தான். கடைசியாகத் தன் வீட்டிலிருந்து முப்பத்திரண்டு தொட்டிகள். முதல் ஆந்தூரியத்தை மூட்டையில் வைக்கும்போது அதில் ஒரு பூ விரிந்திருந்தது. அடி இலையெல்லாம் உதிர்ந்து, மொட்டைக் காம்பின்மேல் அந்தச் சிவப்பு மட்டும் ஒன்றும் தெரியாதது போல நின்றது. அவர் சற்று நேரம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு மூட்டையின் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டார்.

மிச்சமிருந்தது ஒன்பது தொட்டி, எல்லாம் ரப்பர் செடியும் பாம்புக் கற்றாழையும். ஹால் திடீரென்று பெரிதாகிவிட்டது. அதில் ஒரு நாற்காலி போட்டு மனைவி காற்றாட உட்கார ஆரம்பித்தார்.

இனிமேல் யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்தால் உலகத்தைத் தெரியாதவர்கள் நாம். ஆறே வாரம். கீழ்த்தளத்துக்காரர் ஒரு புதுச் செடியோடு வந்து, "டாக்டர் சார், நடந்தது நடந்துபோச்சு. இதுல வெள்ளையா பஞ்சு மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்கு, பாருங்களேன்" என்றார். மாவுப் பூச்சி. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைக்கச் சொல்லி, அந்தச் செடியை மற்றவற்றிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லி அனுப்பினார். அது தெரிந்தது, சொன்னார். அடுத்து வந்தவரின் இலை ஓரம் ஏன் கருகுகிறது என்று அவருக்குப் புரியவில்லை.

"எனக்குத் தெரியலை" என்றார்.

வந்தவர் திகைத்துப்போனார். "என்ன சார், ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"தெரியலைங்க. விசாரிச்சுட்டு வேணா சொல்றேன்."

தெரியாது என்று சொல்லும் டாக்டரிடம் யார் போவார்கள்? கூட்டம் தானாகக் குறைந்தது. மக்கள் மூன்றாவது தெருவில் இருந்த ஒருவரிடம் போக ஆரம்பித்தார்கள். அவருக்கு எல்லாம் தெரியுமாம்.

டீச்சர் மட்டும் எப்போதாவது வருவார். வந்தால் ஓர் இலையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் ஜன்னலருகே நிற்பார்கள்.

"இது காஞ்ச புள்ளியா, ஈரப் புள்ளியா சார்?"

"ஒரு நிமிஷம் இருங்க" என்பார் அவர், கையைக் கழுவ உள்ளே போனபடி.